ஒட்டிய ஓரம்

ஒரு ஸ்கிராப்புக் பக்கத்தை என்னிடம் காட்டினால் நான் முதலில் பார்ப்பது ஓரத்தைத்தான். நடுவில் இருக்கும் புகைப்படம் யாருடையது, அதைச் சுற்றி எத்தனை பூ என்பதெல்லாம் அப்புறம். ஒரு தாள் முடிந்து இன்னொரு தாள் தொடங்கும் இடத்தில் செய்தவரின் கை தெரிந்துவிடும். கத்தரி தயங்கிய இடம், பசை கொஞ்சம் பிதுங்கிய இடம், கிழித்தபோது வெள்ளை நார் எட்டிப் பார்த்த இடம். வெட்டி ஒட்டும் கலையில் திறமையும் குணமும் அந்த அரை மில்லிமீட்டரில்தான் இருக்கின்றன என்பது என் கட்சி.

கடைகளில் இன்று கிடைக்கும் பேட்டர்ன் பேப்பர் கட்டுகள்மீது எனக்குள்ள மனத்தாங்கலும் அங்கேதான் தொடங்குகிறது. 12 அங்குலச் சதுரத் தாள்கள். அதே பூவில் ஸ்டிக்கர், அதே நிறத்தில் ரிப்பன், அதற்கென்றே செய்த பொத்தானும் முத்தும். எதை எதன் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தும். தாளுக்கும் தாளுக்கும் சண்டையே வராது. சில தாள்களில் கிழிந்த ஓரமே அச்சாகி வருகிறது. தையல் ஓட்டியதுபோல் புள்ளிக்கோடு, செல்லோடேப் ஒட்டியதுபோல் ஒரு நிழல். கிழிக்காமல் கிழிசல், தைக்காமல் தையல். விரலால் தடவினால் வழவழவென்று இருக்கும்.

வேலைப்பாடுள்ள தாளைக் கிழித்து ஒட்டுவதில் இதுவரை யாரும் தாண்டாத உயரம் என்று நான் நினைப்பது 900 ஆண்டுப் பழையது. ஜப்பானில், கியோட்டோ நகரின் நிஷி ஹொங்கான்ஜி கோயிலில் இருக்கும் முப்பத்தாறு கவிஞர் தொகுதி. 1112 வாக்கில், பதவி துறந்த பேரரசர் ஷிரகாவாவின் அறுபதாம் வயதைக் கொண்டாடுவதற்காகச் செய்யப்பட்டதாகக் கருதுகிறார்கள். மணிவிழாப் பரிசு என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பவை சிறு பாடல்கள். ஜப்பானிய எழுத்து தெரியாத எனக்கு அவை வெறும் மைக் கொடிகள். ஆனால் அந்த மை ஓடும் தாள் இருக்கிறதே, அதை வாசிக்க எந்த மொழியும் வேண்டாம்.

சாயமேற்றிய தாள்கள், அபிரகத்தூள் கலந்து பூங்கொடியும் அலையும் அச்சடித்த சீனத்துத் தாள்கள், அவற்றைப் பார்த்து ஜப்பானிலேயே செய்தவை. இவற்றைத் துண்டாக்கி, துண்டுகளைச் சேர்த்து ஒரு முழுப்பக்கம் ஆக்கியிருக்கிறார்கள். சேர்ப்பதற்கு மூன்று வழி. கத்தியால் நேராகவோ வளைவாகவோ வெட்டிச் சேர்ப்பது கிரித்ஸுகி. கையால் கிழித்துச் சேர்ப்பது யாபுரித்ஸுகி. மூன்றாவதுதான் என்னைக் கிறங்க அடிப்பது: கசனெத்ஸுகி. ஒரே நிறத்தில் வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை ஐந்து மெல்லிய தாள்களை எடுத்து, ஒவ்வொன்றும் மயிரிழை அளவு வெளியே தெரியும்படி தள்ளித் தள்ளி அடுக்கி ஒட்டுவது. ஐந்து ஓரமும் சேர்ந்து ஒரு கோடாக ஓடும்போது தூரத்து மலைத்தொடரின் விளிம்பு வந்துவிடுகிறது. யாரும் மலை வரையவில்லை. ஒட்டிய இடமே மலை.

பிறகுதான் அலங்காரம். பொன், வெள்ளித் தகடுகளைச் சிறு சதுரமாகவும், மெல்லிய இழையாகவும், மணல்போன்ற பொடியாகவும் வெட்டித் தூவியிருக்கிறார்கள். வெள்ளிக் குழம்பால் பறவையும் புல்லும் ஒடித்த கிளையும் வரைந்திருக்கிறார்கள். வெள்ளி இப்போது கறுத்துவிட்டது. கறுத்ததால் நஷ்டமில்லை என்றே எனக்குப் படுகிறது. பொன்னின் பக்கத்தில் அது இன்னும் அடங்கிப்போய் அழகாக இருக்கிறது. கவனிக்க வேண்டியது, இந்தத் தூவலும் வரைதலும் ஒட்டைத் தாண்டிப் போகின்றன என்பது. ஒரு தாளில் தொடங்கும் கிளை அடுத்த தாளில் முடிகிறது. அதற்கு மேல் எழுத்து இறங்குகிறது. அதுவும் எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. தாள்கள் தனித்தனி என்பதை ஓரம் சொல்லிக்கொண்டே இருக்கிறது, ஒரே பக்கம் என்பதைக் கிளையும் எழுத்தும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இந்த இழுபறிக்காகத்தான் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிறது.

1549இல் ஒரு பேரரசர் இதைக் கோயிலுக்குக் கொடுத்தார். 1896இல்தான் வெளியுலகம் மறுபடி கண்டது. 1929இல், பெண்களுக்கான கல்லூரி ஒன்றுக்குப் பணம் திரட்டுவதற்காக இதன் பல தொகுதிகளில் இரண்டைப் பிரித்து, பக்கம் பக்கமாக விற்றார்கள். அந்தப் பக்கங்களுக்கு இஷியாமா-கிரெ என்று பெயர். உலகின் பல அருங்காட்சியகங்களில் சிதறியிருக்கின்றன. துண்டுகளைச் சேர்த்துச் செய்த புத்தகம் மறுபடி துண்டாகிப் போனதைப் பாவம் என்பவர்கள் உண்டு. பெண்கள் படித்தார்களே என்பேன் நான்.

ஓரம் தெரிய வேண்டும் என்று இவ்வளவு பேசிவிட்டு, ஓரத்தை ஒளித்தே பெரிய காரியம் செய்த ஒருவரைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. மேரி டிலேனி, 1700இல் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. பதினேழு வயதில் அறுபதை நெருங்கிய ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். இளமையிலேயே கைம்பெண். பிறகு தாமே விரும்பிப் பாதிரியார் ஒருவரை மணந்தார். 1768இல் அவரும் இறந்தார். 1772இல், தோழியான போர்ட்லண்ட் சீமாட்டியின் புல்ஸ்ட்ரோட் மாளிகையில் தங்கியிருந்தபோது, பக்கத்திலிருந்த ஜெரேனியப் பூவும் மேசைமேல் கிடந்த சிவப்புத் தாளும் ஒரே நிறம் என்று கண்ணில் பட்டது. கத்தரியை எடுத்தார். உள்ளே வந்த தோழி தாள் இதழை உண்மையான இதழ் என்று நினைத்துவிட்டார் என்பது கதை. அப்போது டிலேனிக்கு வயது 72. அடுத்த பத்தாண்டில் 985 செடிகள். 1782இல் கண் மங்கியதும் நிறுத்தினார். எல்லாம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், பத்துத் தொகுதிகளாக.

அவர் அவற்றைக் காகித மொசைக் என்றார். பின்புலம் எப்போதும் கறுப்பு. வெள்ளைத் தாளில் தாமே கறுப்பு வண்ணம் தீட்டிக்கொண்டார். அதன்மேல் பூ எழும்புகிறது. இதழில் நிழல் விழும் இடத்தில் நாம் தூரிகையைத் தேடுவோம். அவரோ ஒரு நிறத்தின்மேல் அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த துண்டு, அதன்மேல் இன்னொன்று என்று தாளாலேயே நிழல் கட்டினார். ஒரு பாஷன் மலரில் மட்டும் 230 இதழ்த் துண்டுகள் என்று எண்ணியிருக்கிறார்கள். சுவர்த்தாளுக்குச் சாயம் போடுபவர்களிடம் நிறம் ஓடி வீணாய்ப்போன தாள்களைத் தேடி வாங்குவாராம். கடைக்காரர் கழித்துப்போட்ட அந்தக் கறைதான் இலையில் பழுப்பு ஏறும் இடத்துக்குச் சரியாக இருந்தது. பொருந்தும்படி செய்த கட்டு எதிலும் அந்தக் கறை கிடைக்காது.

இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் ஓவியம் என்பீர்கள். முகத்தை அருகே கொண்டுபோனால் விளிம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். ஒளித்தார் என்று சொன்னேன்; பாதிதான் ஒளித்தார். அங்கங்கே உண்மையான இலை ஒன்றையே காயவைத்து ஒட்டியும் இருக்கிறார். தாள் இலைகளின் நடுவே ஒரு நிஜ இலை! இருநூறு ஆண்டுக்கு மேலான பின்பும் எது எது என்று தேட வேண்டியிருக்கிறது. வீட்டில் ஆல்பம் செய்கிறவர்கள் காய்ந்த பூவை நடுப்பக்கத்தில் தனியாக உட்காரவைப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்த இலை நினைவுக்கு வரும். அது தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. கூட்டத்தோடு வேலை செய்தது.

இதற்கு நேர் எதிர்த் துருவம் நம் செட்டிநாட்டில் இருக்கிறது. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண அச்சாக வீடு வீடாகப் போனார்கள். அந்தப் படங்களை வாங்கியவர்கள் பலர் அப்படியே மாட்டிவிடவில்லை. உடையிருக்கும் இடத்தில் நிஜத் துணியை வெட்டிப் பொருத்தி, கரையில் ஜரிகை வைத்து, நகையிருக்கும் இடத்தில் சமிக்கியும் மணியும் தைத்து, பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இன்றும் இவை தொங்கும். முகமும் கையும் தட்டை அச்சு. இடுப்புக்குக் கீழே மடிப்பு விழுந்த பட்டு. தட்டையான மணிக்கட்டு நிஜமான சட்டைக்கையிலிருந்து வெளியே வருகிறது.

ஒட்டிய இடம் இங்கே கூச்சல் போடுகிறது. ஆனாலும் கண் உறுத்தவில்லை, ஏனென்றால் இது படத்தைத் திருத்துகிற வேலை இல்லை. சாமிக்கு உடுத்துகிற வேலை. மூலவருக்குப் பட்டுச் சாத்தும்போது கல்லும் துணியும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் எல்லாப் படமும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சிலவற்றில் துணியைப் பிள்ளைகளின் மார்புத்துண்டுபோல் தட்டையாக வெட்டி அப்பியிருப்பார்கள். கைதேர்ந்தவர் செய்ததில், துணியின் மடிப்பு அச்சிலிருக்கும் மடிப்பின் கோட்டையே பின்தொடரும்; எங்கே ரவிவர்மாவின் கோடு நிற்கிறதோ அங்கே ஜரிகை தொடங்கும். நல்லதையும் சுமாரையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு அடையாளம் போதும். விலை சொல்பவர்கள் சமிக்கியின் எண்ணிக்கையைத்தான் காட்டுவார்கள்.

இனி வீட்டு மேசைக்கு வருவோம். தாளைக் கிழிப்பதற்கும் ஒரு அறிவு வேண்டும். ஆலையில் ஓடிய திசையில் நார் படுத்திருக்கும்; அந்தத் திசையில் கிழித்தால் ஓரளவு நேராக வரும், குறுக்கே கிழித்தால் போன போக்கில் போகும். நமக்கு மலைவிளிம்பு வேண்டுமென்றால் குறுக்கேதான் கிழிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளைக் கிழித்தால், ஒரு துண்டில் வெள்ளை ஓரம் முன்பக்கம் தெரியும், மற்றதில் பின்பக்கம் ஒளிந்துகொள்ளும். எந்தக் கை மேலே இழுக்கிறது என்பதைப் பொறுத்தது அது. பசை தடவியதும் தாள் நாருக்குக் குறுக்கே விரியும், காயும்போது சுருங்கும். இதை மதிக்காதவர்களின் பக்கம்தான் அப்பளமாக வளைகிறது.

பசைக்கு மைதாவே மேல். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள்; பூச்சிக்குச் சரி, செம்பு உப்பு நாளடைவில் தாளையும் அரிக்கும். பல்லாண்டு இருக்க வேண்டிய ஆல்பத்துக்கு அது வேண்டாம். மார்க் ட்வெய்ன் இந்தப் பசைத் தொல்லையிலேயே சலித்துப்போய், ஏற்கெனவே பசைக்கோடு போட்டு, ஈரம் தொட்டால் ஒட்டும் ஸ்கிராப்புக் ஒன்றுக்கு 1873இல் காப்புரிமை வாங்கினார். அது நன்றாக விற்கவும் செய்தது. எழுத்தாளர்கள் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று. எண்பதுகளில் நம் வீடுகளுக்கு வந்த ஒட்டும் பக்க ஆல்பங்கள் அதற்கு நேர்மாறு. பிளாஸ்டிக் தாளைத் தூக்கிக் கல்யாணப் படத்தை அழுத்தினோம், இன்று அந்தப் படங்கள் பழுத்துப்போய்ப் பக்கத்தோடு பக்கமாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. 1980இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் நடந்த ஆவணங்கள் மாநாட்டில் மேரிலீன் கிறிஸ்டென்சன் தம் குடும்ப ஆல்பங்களைக் காட்சிக்கு வைத்த பிறகு ஸ்கிராப்புக் பெரிய அலையாக எழுந்தது. அமிலமில்லாத தாள் என்ற பேச்சு சாதாரண வீடுகளுக்கு வந்ததில் அந்த அலைக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டு விற்பவர்களுக்கு நான் நன்றி சொல்கிற ஒரே விஷயம் இதுதான்.

வேலைப்பாடுள்ள தாள் வேண்டுமென்றால் வங்கியிலிருந்து வரும் உறையைப் பிரித்து உட்பக்கம் பாருங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாமலிருக்க நீலத்திலும் சாம்பலிலும் அச்சடித்த வலைப்பின்னல் இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகையில் நான்கு மூலையிலும் மஞ்சள் கறை இருக்கும். அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள், அந்தக் கறைதான் அதில் விலைமதிப்புள்ளது. ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி, சிவகாசித் தீப்பெட்டி லேபிள், வண்ணத்தாளில் அச்சான பழைய பஸ் டிக்கெட். இப்போதைய மெஷின் டிக்கெட்டை மட்டும் நம்ப வேண்டாம். சூட்டில் எழுத்து விழும் தாள் அது, கொஞ்ச காலத்தில் வெளுத்துவிடும். நகலெடுத்து ஒட்டுங்கள். பொத்தான் வைப்பதென்றால் இரண்டு தாள் சேரும் இடத்தில் வைத்து, ஊசி நூலால் இரண்டையும் சேர்த்துத் தையுங்கள். அங்கே அதற்கு வேலை இருக்கும். காலியிடத்தில் நாலு பொத்தானைப் பசையால் ஒட்டினால் சட்டையிலிருந்து அறுந்து விழுந்ததுபோல்தான் இருக்கும்.

கல்லூரிப் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸ் செய்து கொடுக்கிறார்கள். மூடியைத் தூக்கினால் நான்கு சுவரும் விரிந்து படங்கள் தெரியும் பெட்டி. பெரும்பாலும் இதயமும் கிளிட்டருமாக இருக்கும். ஒன்று மட்டும் என்னை உட்காரவைத்தது. மடிப்புக்குக் குறுக்கே 29சி பஸ் டிக்கெட்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தாள் அதைச் செய்த பெண். திறந்து மூடும்போது அவை மடிப்பில் கிழியும் என்று தெரிந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்பு நூலால் இரண்டு தையல் போட்டிருந்தாள். அந்தத் தையலை ஏன் வெள்ளை நூலில் போடவில்லை என்று கேட்டேன். வீட்டில் சிவப்புதான் இருந்தது என்றாள்.