டேப் ரெக்கார்டரில் பேசிய ரத்தக்காட்டேரி

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) பெரும்பாலும் நாட்குறிப்பும் கடிதமும் தந்தியும்தான். டாக்டர் சீவர்ட் தன் நாட்குறிப்பை ஃபோனோகிராஃபில் பேசியே பதிகிறார். இத்தனை பேர் பேசும் நாவலில் டிராகுலா பிரபு மட்டும் தன் தரப்பைச் சொல்ல இடமில்லை. அவனைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவனை வேட்டையாடியவர்கள் வாய்மொழி.

79 ஆண்டுகள் கழித்து, 1976இல், ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் அறை, ஓர் இளைஞன், ஒரு டேப் ரெக்கார்டர். அதன் முன்னால் உட்கார்ந்து இரவெல்லாம் பேசுகிறவன் லூயி, குற்றவுணர்வில் வாடும் ரத்தக்காட்டேரி. (நம் கிராமங்களில் காட்டேரிக்குப் படையல் உண்டு. மேல்நாட்டுப் பிணத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது நாம்தான்.)

ரத்தக்காட்டேரிக்குக் குற்றவுணர்வு கொடுத்த முதல் ஆள் ரைஸ் அல்ல. 1845 முதல் 1847 வரை லண்டனில் மலிவு விலைத் தொடராக வந்த 'வார்னி தி வாம்பயர்' இருநூறு அத்தியாயங்களைத் தாண்டி ஓடியது. கடைசியில் தன்மேலேயே வெறுப்புற்ற வார்னி வெசூவியஸ் எரிமலைக்குள் குதிக்கிறான். சாகாதவனை வைத்துத் தொடர் எழுதுவது சுலபம், முடிப்பதுதான் பாடு. லெ ஃபானுவின் 'கார்மில்லா' (1872) குறுநாவலாக நின்றுகொண்டதால் அந்தப் பாடு அதற்கு இல்லை.

ரைஸ் புதிதாகக் கொண்டுவந்தது துக்கம். அவருடைய மகள் 1972இல் லுக்கீமியாவில் இறந்தாள். ஆறு வயது நிரம்பவில்லை. அடுத்த ஆண்டு, முன்பு எழுதிவைத்திருந்த ஒரு சிறுகதையை எடுத்து நாவலாக விரித்தார். அதில் ஐந்து வயது கிளாடியா வருகிறாள். லூயியை ரத்தக்காட்டேரியாக்கிய லெஸ்டாட் அவளையும் அப்படி ஆக்குகிறான். அறுபது ஆண்டுகளுக்கு மேல் மனம் வளர்கிறது, உடல் வளர்வதில்லை. பாரிஸில் மடலீன் என்றொரு பொம்மைக்காரி. இறந்துபோன தன் மகளின் முகத்தையே பொம்மைக்குப் பொம்மை செய்பவள். அவளிடம் கிளாடியா வளர்ந்த பெண்ணின் பொம்மை ஒன்று கேட்டு வாங்குகிறாள். அதை லூயியின் கண்ணெதிரே கைக்குள் வைத்து நொறுக்குகிறாள். ரைஸின் இந்த நாவல் வரிசை முழுவதிலும் எனக்கு நடுக்கம் தந்த இடம் அதுதான். அங்கே ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

குறையும் உண்டு. பழைய கோதிக் நாவலின் கோட்டைக்குப் பதிலாக ரைஸ் லூசியானாவின் அவுரித் தோட்டத்தை வைத்தார். லூயி அடிமைகளை வைத்திருந்த முதலாளி. எஜமானர்கள் மனிதர்களே அல்ல என்பதை முதலில் கண்டுகொள்பவர்களும் அந்த அடிமைகள்தான். ஆனால் குடித்த ரத்தத்துக்காகப் பக்கம் பக்கமாகக் கலங்கும் லூயி, உறிஞ்சிய உழைப்புக்காகக் கலங்குவதாகத் தெரியவில்லை. 2022இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் லூயியைக் கறுப்பினத்தவனாக்கிக் கதையை இருபதாம் நூற்றாண்டுக்கு நகர்த்தியது இந்த இடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டதால்தான் என்று நினைக்கிறேன்.

முதல் நாவலுக்குப் பிறகு ரைஸ் எழுதியவை வேறு ரகம். 'தி வாம்பயர் லெஸ்டாட்'டில் (1985) முதல் நாவலின் வில்லன் ராக் பாடகனாகிறான். 'தி குவீன் ஆஃப் தி டாம்ன்டு' (1988) ரத்தக்காட்டேரிகளின் மூலத்தைத் தேடிப் பண்டைய எகிப்துக்குப் போகிறது. 'மெம்னாக் தி டெவில்' (1995) வருவதற்குள் லெஸ்டாட் சொர்க்கம், நரகம் இரண்டையும் சுற்றிவிட்டு, கிறிஸ்துவின் ரத்தத்தையும் குடித்துவிடுகிறான். அதற்குமேல் யாரைக் கண்டு யார் பயப்படுவது? 2018 வரை, முக்கிய வரிசையில் மட்டும் 13 புத்தகங்கள். முதல் மூன்று போதும்.

அவற்றிலும் முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள். இரண்டாவது புத்தகத்தில், லூயி சொன்னதில் பலதும் பொய் என்று சாதிக்கிறான் லெஸ்டாட். அதற்கு முன் லூயியைக் கொஞ்ச நாளாவது நம்பியிருக்க வேண்டும்.