பருந்தின் கண்ணும் சிராங்கூன் சாலையும்

ஹெலிகாப்டரில் ஏறி நிலக்காட்சிகளைப் படம் பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் இன்று பல நாடுகளிலும் உளர். வாடகை பெரிது, ஆதலின் இஃது ஏழைகளின் கலையன்று. அதற்காக இதனை இகழ்வது நம் நோக்கமுமன்று. இப்படங்கள் நமக்கு எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்பதே நமது கேள்வி.

இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர் பிரெஞ்சுக்காரரான யான் ஆர்த்துஸ்-பெர்த்ரான். நியூ காலிடோனியாத் தீவின் வோ என்னுமிடத்தில், அலையாத்திக் காட்டின் நடுவே இதய வடிவாய் அமைந்த வெளியொன்றை அவர் 1990இல் எடுத்த படம் உலகெங்கும் பரவிற்று. அழகிய படமே. ஆயினும் உப்பு மிகுந்து மரம் வளராமையால் உண்டான வெளி அது என்பதைப் படம் சொல்லாது. கீழே எழுதிய குறிப்புத்தான் சொல்லும்.

சிங்கைக்கு வருவோம். இவ்வூரில் முதன்முதல் ஆகாய விமானம் பறந்தது நம்மவர் நாள்தோறும் நடமாடும் இடத்தருகேதான். 1911 மார்ச்சில் பெல்ஜியரான ஜோசப் கிறிஸ்தியான்ஸ், ஃபேரர் பார்க்கிலிருந்த பழைய குதிரைப் பந்தயத் திடலிலிருந்து மேலெழுந்தார். பந்தயம் 1933இல் புக்கித் தீமாவுக்குப் பெயர்ந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நின்றது.

1940கள் தொட்டு 1970கள் வரை பிரிட்டிஷ் விமானப்படையார் இத்தீவை மேலிருந்து எடுத்த படங்கள் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அழகு கருதி எடுத்தவை அல்ல, நிறமும் இல்லை. எனினும் பொழுதுபோக்காளரின் அந்திவானப் படங்களினும் இவற்றையே நாம் உயர்வாக மதிக்கிறோம். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின் அடுக்குமாடிகள் எழுந்த நிலத்தில், முன்பு கம்பத்து வீடுகள் எங்கே நின்றன, ஒற்றையடிப் பாதை எங்கே வளைந்தது என்பதற்கு இவை சாட்சி. நேர்கீழாக நோக்கி எடுத்த படத்தில் உயரம் எளிதில் விளங்காது. நிழலின் நீளங்கொண்டே மரத்தையும் மாடியையும் பிரித்தறிய வேண்டும். அவ்வாறு படிக்கப் பழகியவர்க்கு ஒவ்வொரு படமும் ஓர் ஊர்ச்சரித்திரம்.

குறையும் உண்டு. வீரமாகாளியம்மன் கோயிற் கோபுரம், கீழே நின்று அண்ணாந்து நோக்குவார்க்காக எழுப்பப்பெற்றது. மேலிருந்து நோக்குங்கால் அது சிறு நீள்சதுரமாகச் சுருங்கிவிடுகிறது. கடைவீடுகளின் செவ்வோட்டுக் கூரைகள் வரிசையாய் எழிலுறத் தோன்றும். அக்கூரைகள் மறைக்கும் ஐந்தடி நடைபாதையிலன்றோ பூத்தொடுப்பாரும் காய்கறி பேரம் பேசுவாரும் இருக்கிறார்கள்? ஞாயிறு மாலையில் அங்கு கூடும் தொழிலாளர், மேலே பறப்பவர்க்கு வெறும் புள்ளிகள். கிராணி வேலை பார்க்கும் நமக்கு இது புதிதன்று. இப்போது செம்பனைத் தோட்டங்களில் ஆளில்லா வானூர்தி எடுக்கும் படங்கொண்டு மரங்களை எண்ணிவிடுகிறார்கள். மரக்கணக்கு சரியாகவே வருகிறது. குலை வெட்டியவர் பெயரை அறியச் செக்ரோலைத்தான் புரட்ட வேண்டும்.

ஹெலிகாப்டரேறும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘அந்தி அழகு’ என்று தலைப்பிட்டு விட்டுவிடாமல், இடம், நாள், பறந்த உயரம், நோக்கிய திசை ஆகிய நான்கையும் ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதிவைப்பார்களாக.