கப்பலில் ஆள் எண்ண மாட்டார்களா?

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையைப் பல ஆண்டுகளாகப் பசி பற்றிய பாடமாகவே நடத்தி வந்தேன். அமுதசுரபி, அன்னதானம், பௌத்த அறம், தேர்வில் ஐந்து மதிப்பெண். ஒருநாள் இளங்கலை வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “கப்பல்ல ஆள் எண்ண மாட்டாங்களா மேம்?”

கதையின் கடைசிப் பகுதி அது. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டு ஆபுத்திரன் கப்பலேறுகிறான். கடல் கொந்தளிக்கவே கப்பல் ஒருநாள் மணிபல்லவத்தில் தங்குகிறது. அவன் இறங்குகிறான். இறங்கியவன் ஏறியிருப்பான் என்று நினைத்து இருட்டிலேயே பாய் விரித்துப் போய்விடுகிறார்கள். ஆளில்லாத தீவில், வற்றாத பாத்திரத்தோடு அவன் மட்டும். பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிர் விடுகிறான். தூத்துக்குடிப் பிள்ளை, துறைமுக ஞாபகத்தில் கேட்கிறாள் என்று சிரித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போனேன்.

அவள் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள் என்பது பிறகுதான் தெரிந்தது. பொங்கலுக்கு விடுதியைப் பூட்டும்போதெல்லாம் விடுப்புப் படிவத்தில் ‘சித்தி வீடு’ என்று எழுதுவாள். நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். அப்படி ஒரு சித்தி கிடையாது. வளர்ந்த இல்லத்தில் பதினெட்டு முடிந்தவளை இரவு தங்கவைக்க விதி இல்லை. அங்கே சமையல் செய்த அம்மாவின் திரேஸ்புரம் வீட்டில் படுத்திருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா ‘ஐயோ பாவம்’பாங்க மேம். அன்னிக்கு முழுக்க யார்கிட்டயும் பேச முடியாது.”

அதன்பிறகு அந்தக் காதைகளை மறுபடி படித்தேன். ஆபுத்திரன் எங்கள் கரைக்காரன். முத்துக் குளித்த கொற்கையிலிருந்து ஒரு காவதம் தள்ளி, ஆயர் இருப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவனை விட்டுச் செல்கிறாள் சாலி. கணவனுக்குப் பிழை செய்ததற்கான தண்டனைக்கு அஞ்சிக் குமரியாட வந்தவள் அவள். இரக்கமில்லாமல் விட்டுவந்தேன் என்று அவள் வாயாலேயே சாத்தனார் சொல்ல வைக்கிறார். அந்தக் குழந்தைக்குத் தகப்பன் யார் என்று காப்பியத்தில் ஒருவரும் கேட்பதில்லை. இன்றும் இல்லத்துப் பிள்ளைகளிடம் எல்லாரும் முதலில் கேட்பது, “அம்மா ஏன் விட்டுட்டுப் போனாங்க?”

இளம்பூதி அவனைப் பசுவின் மகன் அல்ல, என் மகன் என்று சொல்லி எடுத்து வளர்க்கிறார், வேதம் சொல்லித் தருகிறார். வேள்விப் பசுவை அவிழ்த்துவிட்டதும் அவன் பிறப்பு சபையில் அம்பலமாகிறது. வளர்த்தவரே விலக்குகிறார். ஊர் ஊராகப் பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள். ஒரு தவறில் மகன் என்ற சொல் திரும்பப் பெறப்படுகிறது. என் மாணவி மூன்று வருடத்தில் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை, மதிப்பெண்ணுக்கு வாதாடியதில்லை. நல்ல பிள்ளை என்று நாங்கள் மெச்சிய அந்த அடக்கம் பயம்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

அதே பாத்திரம் பிறகு மணிமேகலையின் கைக்கு வருகிறது. அவள் அதோடு தீவில் சாகவில்லை. பாத்திரத்தைப் பற்றிச் சொல்லத் தீவதிலகை இருந்தாள். ஊரில் மாதவியும் சுதமதியும் காத்திருந்தார்கள். வழிகாட்ட அறவண அடிகள் இருந்தார். முதல் பிச்சையிட ஆதிரை இருந்தாள். எங்கள் பாடநூல்கள் அமுதசுரபியின் பெருமையைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. இந்தப் பெண்களை உதிரிப் பாத்திரங்களாகத் தள்ளிவிட்டதில் எனக்கும் பங்குண்டு.

அரசு இன்று தருவதும் பாத்திரம்தான். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை, அது இல்லாமல் இந்தப் பெண்கள் கல்லூரி வாசலையே பார்த்திருக்க மாட்டார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுபவர்களுக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவிக்கு இடம் தருகிறது. 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அத்திட்டம் தாங்கும் பெயருக்குரிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரே சிறுமியாகத் தாசி ஒருவரிடம் விற்கப்பட்டு வளர்ந்தவர். பணம் வங்கிக்கு வந்துவிடுகிறது. காய்ச்சலில் விடுதியில் படுத்திருப்பவளை “சாப்பிட்டியா?” என்று கேட்கும் ஃபோன் வருவதில்லை. பெற்றோர் கூட்டத்தன்று அவள் நூலகத்தில் ஒளிந்துகொள்வது வருகைப் பதிவேட்டில் தெரியாது.

ஆபுத்திரனின் சாவைத் தியாகம் என்று இனி என்னால் நடத்த முடியாது. பாத்திரம் கொடுக்கச் சிந்தாதேவி இருந்தாள். கப்பலில் தலையை எண்ண ஒருவர் இல்லை.

அடுத்த விடுமுறைக்கு அவள் படிவத்தை நீட்டியபோது ‘சித்தி வீடு’ இல்லை. திரேஸ்புரம் முகவரி இருந்தது. உறவுமுறைக் கட்டம் காலியாக இருந்தது. நிரப்பினால்தான் ஏற்றுக்கொள்வோம் என்று விடுதி அலுவலகத்தில் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை நானே அவளோடு போனேன்.