தொப்பியணிந்த சமாதானம்: ஜான் கிறிஸ்டோபரின் முக்காலி நாவல்கள்

சிறுவர்க்கென எழுதப்பட்ட நாவல்களை இறையியல் மாணவர் விரும்பி எடுத்துப் படிப்பது அரிது. அதிலும் வேற்றுலக உயிர்கள் பூமியின்மேல் படையெடுத்த கதை என்றால், அதை வகுப்பறையில் பேசவே நமக்குத் தயக்கம் உண்டாகும். ஆயினும், சாமுவேல் யூட் என்னும் ஆங்கில எழுத்தாளர் ஜான் கிறிஸ்டோபர் என்ற புனைபெயரில் எழுதிய மூன்று நாவல்கள் இத்தயக்கத்தைப் போக்கத்தக்கவை. ‘தி ஒயிட் மவுண்டன்ஸ்’, ‘தி சிட்டி ஆஃப் கோல்டு அண்ட் லெட்’ ஆகிய இரண்டும் 1967இலும், ‘தி பூல் ஆஃப் ஃபயர்’ 1968இலும் வெளிவந்தன. இளைஞரிடம் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசும் பொறுப்புடைய நம்மை இவை எளிதில் விட்டுவிடுவதில்லை.

கதை நிகழ்வது வருங்காலத்தில். மூன்று நெடிய உலோகக் கால்களில் நடக்கும் பேரெந்திரங்கள் உலகை ஆளுகின்றன. பெருநகரங்கள் பாழடைந்து கிடக்க, எஞ்சிய மக்கள் சிற்றூர்களில் உழுது பிழைக்கின்றனர். அவர்களிடையே போர் இல்லை. பதினான்கு வயதை எட்டும் ஒவ்வொருவர் தலையிலும் உலோக வலையாலான தொப்பி ஒன்று பொருத்தப்படுகிறது. அது தசையோடு ஒன்றிவிடும். அதன்பின் ஆளுவோரை எதிர்க்கும் எண்ணமே அவருள் எழாது. வில் பார்க்கர் என்னும் ஆங்கிலச் சிறுவனும், அவனோடு ஓயாமல் மோதும் உறவினன் ஹென்றியும், வழியில் சேரும் பிரெஞ்சுச் சிறுவன் ஜான்-பாலும், தொப்பியணியாதோர் ஒளிந்து வாழும் ஆல்ப்ஸ் மலைகளை நாடி ஓடுகின்றனர்.

முக்காலி எந்திரங்கள் புதியன அல்ல, எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ தந்தவையே அவை. அந்நூலில் ஓர் உதவிக் குரு அச்சத்தால் மதி கலங்கி, கதைசொல்லிக்கே ஆபத்தாகிறார். குருமார் முகஞ்சுளிக்கும் பகுதி அது. கிறிஸ்டோபர் எந்தக் குருவையும் கேலிக்கு இழுக்கவில்லை. ஆனால் அவர் தொடும் இடம் நமக்கு இன்னும் அருகில் உள்ளது.

தொப்பியணியும் நாள் ஊரார்க்குத் திருவிழா. பெற்றோர் பெருமிதத்தோடு பிள்ளையை அனுப்பிவைக்கின்றனர், விருந்து நடக்கிறது, சிறுவன் பெரியவனாகத் திரும்பி வருகிறான். திடப்படுத்தல் பெறும் வயதும் ஏறத்தாழ இதுவே என்பதை நாம் மறக்கவியலாது. வில்லின் தோழன் ஜாக், விழாவுக்கு முன் அவனோடு சேர்ந்து வினாக்களை எழுப்பியவன். திரும்பி வந்தபின் அவை சிறுபிள்ளைத்தனம் என்று அமைதியாக ஒதுக்கிவிடுகிறான். அவனை யாரும் அடிக்கவில்லை, அச்சுறுத்தவில்லை. ஐயங்கள் விடைபெறாமலே நின்றுபோயின. வினா கேட்பதை நிறுத்திவிட்ட மாணவனை விசுவாசத்தில் தேறியவன் என்று நாம் எத்தனை முறை ஏட்டில் பதிவு செய்திருக்கிறோம்?

முதல் நாவலின் உச்சம் எலுவீஸ் என்னும் பெண்ணைப் பற்றிய பகுதி. பிரான்சு நாட்டுக் கோட்டை ஒன்றில் நோயுற்ற வில்லைப் பேணி, அன்பு காட்டியவள் அவள். அங்கேயே தங்கிவிடலாமா என்று அவன் தடுமாறுகிறான். ஒருநாள் அவள் தலைத்துணியை விலக்குகையில் அடியில் தொப்பி தெரிகிறது. அவள் அன்போ பொய்யன்று. தொப்பி மனிதரை மிருகமாக்கவில்லை. அன்பையும் பண்பையும் விட்டுவைத்து, மறுக்கும் ஆற்றலை மட்டும் எடுத்துக்கொண்டது. பின்னர் போட்டி விழாவின் அரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, முக்காலிகளின் நகருக்குச் செல்லவேண்டும் என்று அறிந்தபோது அவள் பூரிக்கிறாள். அந்தப் பூரிப்பைக் கண்ட பின்னரே வில்லின் தடுமாற்றம் தீர்கிறது. இரண்டாம் நாவலில் அவன் அவளை மீண்டும் காணும்போது, அழகிய பொருளாக அவள் உடல் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

அந்நகரில் அடிமைகள் மிகுந்த ஈர்ப்பு விசையிலும் வெப்பத்திலும் சில ஆண்டுகளுக்குள் உடைந்து போகின்றனர். இனி உழைக்கவியலாதோர் தாமாகவே சென்று மாள்வதற்கென ஓரிடம் உண்டு. அதற்கு இடப்பட்ட பெயர் ‘மகிழ்வான விடுதலை இடம்’. விடுதலை என்னும் சொல்லை நாள்தோறும் கையாளும் நாம் இவ்விடத்தில் சற்று நின்றாக வேண்டும்.

குறைகளும் உள. போராளிகளுள் குறிப்பிடத்தக்க பெண் ஒருத்தியும் இல்லை. எலுவீஸ் ஒருத்திதான், அவளும் கண்ணாடிக்குள். நகரின் நீரில் மதுச்சாரத்தைக் கலந்து அங்குள்ள வேற்றுலகத்தாரை வீழ்த்துவது மூன்றாம் நாவலின் வெற்றி. ஓர் இனத்தையே அழிப்பதன் நியாயம் பற்றி ஆசிரியர் விரைந்து கடந்துவிடுகிறார். பூமியின் காற்றையே மாற்றி மானிடத்தை ஒழிக்க அவர்கள் திட்டமிட்டிருந்தது உண்மையே. எனினும், வில்லின் எஜமான் அவனிடம், வளர்ப்புப் பிராணியிடம் காட்டுவது போலாயினும், ஒருவகைப் பற்றுக் கொண்டிருந்தான். அவனைத் தன் கையால் கொன்ற சிறுவனின் உள்ளத்தில் இன்னும் நெடுநேரம் தங்கியிருக்கலாம் என்பது எமது எண்ணம்.

இத்தொடரை எமக்கு மதிப்புடையதாக்குவது அதன் முடிவு. வில் முன்கோபி, அவன் அவசரம் தோழரைப் பலமுறை இடரில் தள்ளுகிறது. தொப்பி அவனைச் சாந்தமாக்கியிருக்கும். அப்படியே விட்டுவைத்து, இந்தக் கோபக்காரனின் சுயாதீனத்துக்காகவே ஆசிரியர் வாதாடுகிறார். கடைசி நகரின் கூரைமேல் விழும் குண்டுகள் உருண்டோட, ஹென்றி பலூனிலிருந்து குதித்து ஒரு குண்டைத் தன் கைகளால் பற்றிக்கொண்டு மடிகிறான். அவன் வாயில் எந்தப் பிரசங்கமும் வைக்கப்படவில்லை. அவன் உயிர் கொடுத்து மீட்ட மானிடம், சில ஆண்டுகளில் மாநாடு கூட்டித் தேசம் தேசமாகப் பிரிந்து சண்டையிடுகிறது. போராட்டத்தை நடத்திய முதியவர் ஜூலியஸ் ஒதுக்கப்படுகிறார். செங்கடலைக் கடந்தவர்கள் வனாந்தரத்தில் முறுமுறுத்த செய்தியை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் இளஞ்சிறார்க்கு எழுதுகிற ஒருவர் இதை மறைக்காமல் சொல்லியிருப்பது வியப்பே. பிபிசி 1984இலும் 1985இலும் முதலிரு நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக்கி, மூன்றாவதைத் தொடாமல் நிறுத்திவிட்டது. திரையில் மட்டும் பார்த்தோர் இம்முடிவை அறியார்.

தொப்பியின்றி மனிதர் ஒன்றுபட்டு வாழக் கூடுமா என்னும் வினாவுக்கு நாவல் விடை கூறவில்லை. நாட்டால் வேறுபட்ட மூன்று நண்பர்கள் ஓரிடத்தில் அமர்ந்து பேசுகின்றனர். கடலோடி உலகைக் காண வேண்டும் என்று ஏங்கியிருந்த வில், அவ்வாசையை விட்டுவிட்டு, பிளவுண்டோரை இணைக்கும் சலிப்பான பணிக்கு அவர்களோடு உடன்படுகிறான்.