மன்னார் வேதசாட்சியரும் எழுத்தின் அறமும்

மன்னார்த் தீவிலே 1544ஆம் ஆண்டில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற மக்கள் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அறுநூறு பேர் என்பர் சிலர். எழுநூறு என்பர் வேறு சிலர். தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் இன்றும் அவர்தம் நினைவைப் பேணி வருகின்றது. இந்நிகழ்ச்சி நடந்ததா என்பது பற்றி நாம் ஈண்டு ஆராயப் புகவில்லை. அது நடந்தது என்பதிற் கிறித்தவ ஆவணங்களும் யாழ்ப்பாண வைபவமாலையும் ஒன்றுபடுகின்றன. அதனை எழுதியோர் எத்தகைய மனப்பாங்குடன் எழுதினர், அவ்வெழுத்து எவ்விளைவுகளுக்குத் துணைபோயிற்று என்பனவே எமது வினாக்கள். தன் சமயத்துக்காகத் துணிந்து நிற்பவன் பிறனை மதித்தும் நிற்க இயலுமா என்ற பெருவினா இவற்றினுள் அடங்கியுள்ளது.

முதலிற் சொல்லை நோக்குவோம். கத்தோலிக்கத் தமிழ் இம்மக்களை ‘வேதசாட்சியர்’ என்கின்றது. இதற்கு நிகரான கிரேக்கச் சொல்லும் சாட்சி கூறுபவன் என்றே பொருள்படும். சாட்சிக்கு இலக்கணம் இரண்டு: கண்டதை அஞ்சாது கூறல், காணாததைக் கூட்டாது விடல். முன்னது துணிவு, பின்னது நேர்மை. நம்பிக்கைக்குக் காரணம் கேட்போர்க்குச் சாந்தத்தோடும் மதிப்போடும் விடை பகர வேண்டும் எனப் பேதுருவின் முதலாம் நிருபம் பணிப்பதும் இதனையே. எனவே வேதசாட்சியரைப் பற்றி எழுதுபவனும் ஒருவகையிற் சாட்சியே. அவ்விலக்கணத்துக்கு அவனும் கட்டுப்பட்டவன்.

இந்த அளவுகோலைக் கொண்டு வைபவமாலையை நோக்குமிடத்து வியப்பு மேலிடுகின்றது. ஒல்லாந்தர் காலத்தில் அந்நூலை இயற்றிய மயில்வாகனப் புலவர் சைவர். யாழ்ப்பாண அரசரின் வரலாறு கூறுவதே அவர் நோக்கம். ஆயினும் மன்னாரில் 600 பேர் கொல்லப்பட்டதை அவர் மறைத்தாரில்லை. அரசனின் வீரச்செயலாகக் கொண்டாடினாருமில்லை. வைபவமாலையின் காலக்கணிப்பிற் குழப்பங்கள் பல உண்டு. நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ அந்நூலை விரிவாக ஆராய்ந்துள்ளது. காலக்கணிப்பில் வழுவிய நூல் அறத்தில் வழுவவில்லை என்பதே எமது மதிப்பீடு. வேற்றுச் சமயத்தார் பட்ட துன்பத்தைத் தன் நூலிற் பதிவுசெய்த புலவனின் நேர்மையைக் கிறித்தவ எழுத்தாளர் உரியவாறு போற்றியுள்ளனரா என்பது ஐயமே.

இனி மறுபுறம் நோக்குவோம். மன்னார் மக்களின் வேண்டுகோளை ஏற்றுக் குருவானவர் ஒருவரை அங்கு அனுப்பியவர் பிரான்சிஸ் சவேரியார். கொலைச் செய்தி கேட்டு அவர் வருந்தியதோடு அமையவில்லை. யாழ்ப்பாண அரசனைத் தண்டிக்கும் படையெடுப்பையும் விரும்பி அதற்காக முயன்றார். 1545இல் அம்முயற்சி கைவிடப்பட்டமைக்குக் காரணம் இரக்கம் அன்று. போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் உடைய, அதன் சரக்கு அரசன் கையிற் சிக்கியது. சரக்கை மீட்பதே அவர்களுக்குப் பெரிதாயிற்று. பின்னர் 1560இல் அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா படையுடன் வந்து நல்லூரைத் தாக்கி, மன்னாரைக் கைப்பற்றினான். அப்படையெடுப்பிற் கிடைத்த புத்தரின் தந்தமெனக் கருதப்பட்ட பொருள் கோவாவிற் பொடியாக்கி எரிக்கப்பட்டதெனப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியரே பெருமிதத்துடன் எழுதியுள்ளனர்.

வேதசாட்சி தன்னுயிரை ஈகின்றான். பழிவாங்குபவன் பிறனுயிரைக் கேட்கின்றான். இவ்விரண்டையும் ஒரே கதையாகப் பின்னியதே குடியேற்றக்கால வரலாற்றெழுத்தின் பெருங்குறை. மன்னாரில் மாண்டவர்கள் படை கேட்டதாக எச்சான்றும் இல்லை. அவர்தம் குருதி பிறருடைய படையெடுப்புக்கு நியாயமாக்கப்பட்டது. சங்கிலியின் அச்சத்துக்கும் காரணம் இருந்தது. முத்துக்குளித்துறையிற் பரதவர் திருமுழுக்குப் பெற்றதை அடுத்துப் போர்த்துக்கேய ஆதிக்கம் அக்கரையில் வேரூன்றியதை அவன் அறிந்திருத்தல் வேண்டும். இக்காரணம் கொலையை நியாயப்படுத்தாது. கொன்றவனையும் மனிதனாக விளங்கிக்கொள்ள உதவும். அவனை வெறும் அரக்கனாகத் தீட்டும் எழுத்து, மாண்டவர்களின் பெருமையைக் கூட்டுவதாக எண்ணிக் குறைத்துவிடுகின்றது.

துணிவும் மதிப்பும் ஒருங்கே அமைதல் கூடும் என்பதற்குச் சான்று வெளியிலிருந்து தேடவேண்டியதில்லை. 1658இல் மன்னார் ஒல்லாந்தர் வசமானபின் கத்தோலிக்க வழிபாடு தடைப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர். மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு மக்கள் மடுக் காட்டினுட் புகுந்தது அக்காலத்தது என்பது மரபு. 1687இல் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவாஸ் அடிகளுக்குப் பின்னாற் படையில்லை. கண்டியில் ஒற்றனென்று சிறையிடப்பட்டார். பின்னர்ப் பௌத்த மன்னனின் ஆதரவிலேயே பணிபுரிந்தார். 1697இற் கண்டியிற் பெரியம்மை பரவியபோது சமயம் வினவாது நோயாளரைப் பேணினார். அவர்வழி வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் நூல் செய்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்கால வழிபாட்டில் நிலைத்த இடம் பெற்றது. மண்ணின் மொழியைக் கற்றலே மதிப்பின் முதற்படி என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர்.

மன்னாரின் நாட்டுக்கூத்து மரபும் இதற்குத் துணைநிற்கின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இற் பதிப்பித்த மூவிராசர் நாடகம் முதலியன இம்மரபை ஆய்வுலகுக்கு அறிமுகஞ் செய்தன. கொடிய அரசனும் இக்கூத்துக்களிற் கொலுவரவோடும் தருவோடும் அவைக்கு வருவான்; தன் பக்கத்தைத் தானே பாடுவான். பகைவனுக்கும் பாட்டும் தாளமும் மறுக்காத கலை இது. கற்ற வரலாற்றாசிரியர் தவறவிட்ட பண்பை அண்ணாவிமார் காத்தனர் எனலாம்.

இஃது ஏட்டளவில் முடியும் செய்தியன்று. திருமுறைப் பாடல்பெற்ற திருக்கேதீச்சரமும் மடு மாதாவின் ஆதியிடமும் ஒரே மாந்தை மண்ணிலேயே உள்ளன. திருக்கேதீச்சரக் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர் என்ற நினைவு சைவர் நெஞ்சில் மாறவில்லை. வேதசாட்சியரின் நினைவு கத்தோலிக்கர் நெஞ்சில் ஆறவில்லை. 2019இற் சிவராத்திரியை ஒட்டித் திருக்கேதீச்சர வீதியின் அலங்கார வளைவு கத்தோலிக்கர் சிலராற் பிடுங்கி வீழ்த்தப்பட்டபோது, இவ்விரு நினைவுகளும் எத்துணை எளிதிற் பகையாக மாறக்கூடும் என்பதை யாவரும் கண்டோம். வளைவைச் சாய்ப்பதற்குத் துணிவு வேண்டியதில்லை, கூட்டம் போதும். 1544இல் மாண்டவர்களிடம் இருந்த துணிவு வேறு வகையினது.

ஆகவே வேதசாட்சியர் வரலாற்றை இனி எழுதப் புகுவோர் மயில்வாகனப் புலவரின் ஒரு பண்பையேனும் கைக்கொள்ளுதல் வேண்டும்: தம்மவர் செய்த கொடுமையையும் தம் ஏட்டில் தாமே எழுதுதல். கிறித்தவர் எழுதும் மன்னார் வரலாற்றில் திருக்கேதீச்சரத்தின் இடிபாடும், சைவர் எழுதும் மன்னார் வரலாற்றில் தோட்டவெளியின் குருதியும் இடம்பெறும் நாளிலேயே இரு சாராரின் சாட்சியமும் நிறைவுறும் என்பது எமது துணிபு.