விசை, நிறை, முடுக்கம்: மும்பைத் தமிழ்வழிக் கல்வி நோக்கில் ஒரு சொல்லாய்வு

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட இயக்க விதிகளுள் இரண்டாவது, இன்றைய பாடநூல் வடிவில், நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கக் கிடைப்பது விசை என்கிறது. 20 கிலோகிராம் நிறையுள்ள தள்ளுவண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 2 மீட்டர் வீதம் கூட 40 நியூட்டன் நிகர விசை வேண்டும். நிறை இருமடங்கானால் அதே விசை பாதி முடுக்கத்தையே தரும்.

இவ்விதியைத் தமிழகமும் இலங்கையும் வெவ்வேறு கலைச்சொற்களால் கூறுகின்றன. விசை இரண்டிற்கும் பொது. தமிழகத்தார் நிறை என்பதை இலங்கையார் திணிவு என்பர்; தமிழகத்தின் எடை அங்கு நிறை; முடுக்கம் அங்கு ஆர்முடுகல். ஆக, நிறை என்னும் ஒரே சொல் ஒரு நாட்டில் பொருளின் அளவையும் மற்றொரு நாட்டில் அதன்மீது செயற்படும் ஈர்ப்பு விசையையும் குறிக்கிறது.

பன்மொழிச் சூழலில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது. தாராவியில் தமிழில் அறிவியல் கற்கும் மாணவர் நிறையையும் எடையையும் பிரித்தறிதல் வேண்டும். மாட்டுங்கா, செம்பூர்ச் சந்தைகளில் அவர் கேட்பதோ இரண்டிற்கும் பொதுவான 'வஜன்'. மராத்திப் பாடநூல் நிறையை 'வஸ்துமான்' என வேறுபடுத்துகிறது. பொருளின் அளவு என்னும் விளக்கம் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. தமிழ்ச் சொற்களில் அத்தெளிவு உண்டா என்பது ஆராயத்தக்கது.

தொல்காப்பியத் தொகைமரபு அளவுப்பெயரோடு நிறைப்பெயரையும் சேர்த்துக் கூறும். பழவழக்கில் நிறை இரு கருத்துகளையும் பிரிக்காத சொல்லே. எனினும் துலாக்கோலுக்கு நிறைகோல் என்னும் பெயருண்மை நோக்கத்தக்கது. இருதட்டுத் தராசு பொருளைப் படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. ஈர்ப்பு இரு தட்டிற்கும் ஒன்றாதலின் நிலவிலும் அது அதே விடையைத் தரும். வில்தராசு காட்டும் அளவோ அங்கு ஏறத்தாழ ஆறிலொன்றாகும். எனவே நிறைகோல் அளப்பதை நிறை எனல் பொருந்தும். திணிவு என்பதோ திணிதல் என்னும் வினையடியால் அடர்த்தியை நினைவூட்டி மயங்கச் செய்யும்.

முடுக்கம் வேறுவகைச் சிக்கலுடையது. முடுகுதல் தன்வினை; முடுக்குதல் பிறவினை. பெருகு என்பது பெருக்கம் ஆவதுபோல முடுகு என்பதும் முடுக்கம் ஆகலாம். ஆயினும் கற்போர் செவியில் முதலில் ஒலிப்பது முடுக்கு என்னும் பிறவினையே. அதனால் விளைவின் பெயர் காரணத்தின் பெயராகத் தோன்றும். ஆர்முடுகல் என்பதில் இம்மயக்கம் இல்லை. முடுகியலை யாப்பில் பயின்ற தமிழர்க்கு அது அயற்சொல்லும் அன்று.

நிலைபெற்ற சொற்களை இனி மாற்றுதல் எளிதன்று; மாற்றினும் புதுக்குழப்பமே மிகும். பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்விக்காது வினைகளையும் உடன் கற்பித்தலே தக்க வழியாகும். விசை முடுக்குகிறது, பொருள் முடுகுகிறது, நிறை மிகுந்தால் முடுகுதல் குறைகிறது. இம்மூன்று தொடர்களில் விதி முழுதும் அடங்கும். இலங்கை வழக்கையும் அருகில் குறித்துவிட்டால் இருநாட்டு நூல்களும் தாராவி மாணவர்க்குப் பயன்படும்.