சேமிப்பகத் தரக் கொள்கைகளைக் கட்டளை வரியில் சரிபார்த்தல்: ஒரு திறனாய்வு

ஒரு சேமிப்பகத்தைப் பல மெய்நிகர் இயந்திரங்கள் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஒன்று மிகுதியாகப் பயன்படுத்தினால் மற்றவை காத்துக்கிடக்கும். இதைத் தடுக்க, மையமாக நிர்வகிக்கக்கூடிய 'ஸ்டோரேஜ் கியூஓஎஸ்' கொள்கைகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் சர்வர் 2016 பதிப்பில் சேர்த்தது. ஒவ்வொரு கொள்கையிலும் குறைந்த அளவு, உச்ச அளவு என இரு எண்களைக் குறிக்கலாம். இவை ஒரு நொடியில் நடைபெறும் வாசித்தல், எழுதுதல் செயல்களின் எண்ணிக்கை (ஐஓபிஎஸ்) ஆகும்.

நிறைகள்

பவர்ஷெல்லில் 'கெட்-ஸ்டோரேஜ்கியூஓஎஸ்ஃப்ளோ' என்னும் கட்டளை, எல்லா மெய்நிகர் வட்டுகளின் நிலையையும் ஒரே பட்டியலாகத் தருகிறது. குறைந்த அளவைக்கூட வழங்க இயலாத வட்டுக்கு 'இன்சஃபிஷியன்ட் த்ரூபுட்' என்று காட்டும். வட்டுடன் இணைத்த கொள்கை பின்னர் நீக்கப்பட்டிருந்தால் 'அன்நோன் பாலிசி ஐடி' என்று காட்டும். அப்போதும் இயந்திரம் கொள்கையே இல்லாததுபோல் தொடர்ந்து இயங்கும் என்பதால், இந்தக் கட்டளை இல்லாமல் பிழையைக் கண்டறிவது கடினம்.

குறைகள்

'ஓகே' என்ற நிலைதான் சிக்கலானது. பலர் எழுதும் ஸ்கிரிப்டுகள் 'ஓகே' அல்லாதவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டுகின்றன. ஆனால் கொள்கையே இணைக்கப்படாத வட்டுக்கும் 'ஓகே' என்றே வரும். அதன் கொள்கை எண் முழுவதும் சுழியமாக இருக்கும். உச்ச அளவைத் தொட்டுத் திணறும் வட்டுக்கும் 'ஓகே'தான். தேர்வு முடிவு வெளியாகும் காலையில் தரவுத்தள இயந்திரம் உச்ச அளவில் நின்றால் மாணவர்கள் காத்திருப்பார்கள். நிர்வாகியின் அறிக்கையிலோ குறையே இருக்காது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் பாடம் புரிந்துவிட்டது என்று கொள்ள முடியாது அல்லவா?

எண்களையும் கவனித்து வாசிக்க வேண்டும். இயல்பாக 8 கேபி ஓர் அலகாகக் கொள்ளப்படுகிறது. 256 கேபி அளவுள்ள ஒரே கோரிக்கை 32 ஆகக் கணக்கிடப்படும். பெரிய கோப்புகளைக் கையாளும் இயந்திரம், சில கோரிக்கைகளிலேயே உச்ச அளவை எட்டிவிடும்.

மதிப்பீடு

கட்டளை தரும் தகவல் போதுமானது. அதில் ஒரு நிரலை மட்டும் வாசிப்பதே தவறு. நல்ல ஸ்கிரிப்ட் மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: கொள்கை எண் சுழியமா, இப்போதைய ஐஓபிஎஸ் உச்ச அளவை நெருங்குகிறதா, தாமதம் கூடுகிறதா. ஒரு முறை இயக்கினால் அந்நேர நிலை மட்டுமே தெரியும். பணி மிகுந்த நேரத்தில் பலமுறை இயக்கி ஒப்பிட்டால்தான் கொள்கை சரியாக வகுக்கப்பட்டதா என்பது விளங்கும்.